ஐந்து சென்ட் விளையில் கிழங்கும் கோழியும் ஆடும்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சின்ன வீடு, சுற்றிக் கொஞ்சம் மண்; அந்த மண்ணைத்தான் இங்கே விளை என்போம். குமரி மாவட்டத்தில் பலருக்கும் கையில் இருப்பது இவ்வளவுதான். ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. வீட்டுக்கு 400, கிணறு, செப்டிக் டேங்க், துணி துவைக்கும் இடம், நடைபாதை எல்லாவற்றுக்கும் ஒரு 300 போனால், மிஞ்சுவது சுமார் 1,450 சதுர அடி. அதிலும் இரண்டு தென்னை ஏற்கெனவே நிற்கும். இந்த இடத்தில் ஒரு குடும்பத்துக்கான கிழங்கில் பெரும்பகுதி, தினசரிக் கீரை, வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, வாழைக்குலை இவ்வளவும் நிச்சயம் கிடைக்கும். ஆடு கிடைக்குமா என்பது வேறு கணக்கு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆட்டையோ கோழியையோ வாங்கிவிட்டு அப்புறம் தீவனத்துக்கு அலைகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு மண், பிறகு கிழங்கும் வாழையும், அதன் பிறகு கோழி, கடைசியாக ஆடு. எத்தனை உயிர் வளர்க்கலாம் என்பதைக் கூட்டின் அளவு தீர்மானிப்பதில்லை. உங்கள் விளை கொடுக்கும் இலையும், அடுப்படியில் மிஞ்சும் உணவும்தான் தீர்மானிக்கின்றன.

முதல் வேலை: தண்ணீரும் வெயிலும்

நடுவதற்கு முன் ஒரு மழையாவது பார்த்துவிடுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது, பக்கத்து விளையிலிருந்து எந்த வழியாக வருகிறது என்று நின்று பார்த்தால் போதும். தேங்கும் மூலையில் சேம்பு நிற்கும். மரச்சீனி (மரவள்ளி) அழுகிவிடும்.

400 சதுர அடிக் கூரை என்பது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 37 லிட்டர் விழும். 50 மில்லிமீட்டர் பெய்த ஒரு நாளில், சிந்தியது போக 1,500 லிட்டர் தொட்டிக்கு வரும். நமக்கு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தட்டுப்பாடு மாசி முதல் சித்திரை மழை விழும் வரை மட்டுமே. 300 சதுர அடிக் காய்கறிக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் 100 லிட்டர் தேவைப்படும். 1,000 லிட்டர் தொட்டி அதற்குப் பத்து நாள்தான் ஓடும். ஆகவே, தொட்டி நிறைந்த பின் வழியும் நீரைக் கிணற்றோரக் குழியில் இறக்கி மண்ணுக்குள் விடுவதுதான் உண்மையான சேமிப்பு. குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பலாம். சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விட வேண்டாம். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே 50 அடியாவது வேண்டும். சின்ன மனையில் அது அமையாவிட்டால் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

தென்னை நிழலைக் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கோலமாவால் தரையில் கோடிட்டுப் பாருங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் காய்கறிக்கு. அரைநிழல் சேனைக்கும் சேம்புக்கும் இஞ்சிக்கும். மேற்கு ஓரம் வாழைக்கு.

மண்

மாவட்டம் சின்னதாக இருந்தாலும் மண் ஒன்றல்ல. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் செம்மண்ணும் செம்புரைக்கல்லும். மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போவதால் புளிப்புத்தன்மை அதிகம். குளச்சல் தொடங்கி மணக்குடி வரை கடலோரத்தில் மணல். ஊற்றும் தண்ணீர் நிற்காது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம்.

புளிப்பு மண்ணுக்குச் சென்டுக்கு 2 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுங்கள். அதே நாளில் சாணியோ கோழி எருவோ போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் எருவிலிருக்கும் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு வாரம் கழித்து எரு போடுங்கள். மணலுக்குச் சுண்ணாம்பு அவசரமில்லை. அங்கே தேவை மக்கிய எருவும், தேங்காய்த் தொண்டும். தொண்டை உட்புறம் மேலே பார்க்க அடுக்கிப் பாத்திக்கு ஒரு முழம் கீழே புதைத்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மண் பரிசோதனை, நல்ல நடவுப்பொருள் பற்றி முதலில் அங்கே விசாரிக்கலாம்.

கிழங்குகள்தான் அடித்தளம்

சின்ன விளைக்காரர் முதலில் நம்ப வேண்டியது கிழங்கை. பராமரிப்பு குறைவு, பறிக்கும் நாளைத் தள்ளிப்போடலாம், பூச்சி குறைவு.

மரச்சீனிக்குக் கம்பு தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. பத்து மாதம் முற்றிய, தேமல் இல்லாத செடியின் கம்பு வேண்டும். இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இருந்த செடியிலிருந்து எடுத்த கம்பு, நோயையும் சேர்த்தே கொண்டுவரும். பிறகு மருந்து எதுவும் பலிக்காது. அதனால் கம்பை வெட்டிக் குவித்த பின் வாங்காதீர்கள், இலையோடு நிற்கும்போதே பார்த்துச் சொல்லி வையுங்கள். நுனியில் ஓர் அடியும் அடியில் நான்கு விரற்கடையும் கழித்துவிட்டு, நடுப்பகுதியை 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டுகளாக்குங்கள். கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு, நசுங்கினால் அழுகும். ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, அதன் உச்சியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டுக்குத்தாக ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. கம்பை உற்றுப் பாருங்கள்: இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு உட்கார்ந்திருக்கும். மொட்டு தழும்புக்கு மேல் வரும்படி பிடித்தால் அதுதான் நேர்.

செடிக்குச் செடி 3 அடி. ஒரு சென்டில் சுமார் 50 மூடு (செடி) நிற்கும். அரை சென்டில் 25 மூடு வைத்து, மூட்டுக்கு 2 முதல் 3 கிலோ கிடைத்தாலே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். முளைத்த பின் எதிரெதிராக இரண்டு தளிரை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் செடி கம்பாக வளரும், கிழங்கு விரல் பருமனில் நின்றுவிடும். சித்திரை மழையில் நட்டால் மாசியில் பறிக்கலாம். இடம் குறைந்தவர்களுக்கு ஆறு ஏழு மாதத்தில் வரும் ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா வகைகள் நல்லது. இவை திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள்.

சேனைக்கு மாசி மாதம். இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி; குழிக்குக் குழி 3 அடி. விதைச்சேனையை நடுமொட்டில் கொஞ்சமாவது ஒவ்வொரு துண்டுக்கும் வரும்படி, துண்டு 750 கிராம் முதல் 1 கிலோ வரை இருக்கும்படி வெட்டுங்கள். மொட்டு இல்லாத ஓரத்துண்டு முளைக்க வெகுகாலம் எடுக்கும். வெட்டிய முகத்தைச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி, குழியில் மேல்மண்ணும் இரண்டு கிலோ எருவும் கலந்து வைத்து மூடி, மேலே தென்னோலையோ சருகோ கனமாகப் போடுங்கள். முளை வர ஒரு மாதம் ஆகும். அதுவரை தோண்டிப் பார்க்காதீர்கள், கோழியையும் அண்ட விடாதீர்கள். இலை மஞ்சளித்துச் சாய்ந்தால் பறிக்கலாம்.

காய்ச்சில் என்ற கொடிக்கிழங்கைத் தென்னை மூட்டிலிருந்து நான்கடி தள்ளி நட்டுக் கயிறு கட்டி மரத்தில் ஏற்றிவிடலாம். தனி இடம் கேட்காது. சிறுகிழங்குக்கு ஆவணியில் தலைக்கொடியை நறுக்கி நட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு இருக்கும். ஒரே பாத்தியில் அடுத்த வருடமும் சிறுகிழங்கு வைத்தால் நூற்புழு ஏறி, கிழங்கெல்லாம் முடிச்சு முடிச்சாக வரும். இடம் மாற்றுங்கள்.

வாழை

ஐந்து சென்டுக்கு ஆறு மூடு போதும், ஆறரை அடி இடைவெளியில். எல்லாம் ஏத்தனாகவே (நேந்திரன்) வைத்தால் எல்லாம் ஒரே சமயம் குலை தள்ளும். இரண்டு ஏத்தன், இரண்டு செந்துளுவன் (செவ்வாழை), இரண்டு மட்டி என்று கலந்து, இரண்டு மாத இடைவெளியில் நடுங்கள். மட்டி நம் மாவட்டத்துக்கே உரியது, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. குழந்தைக்குக் கொடுக்க இதைவிட நல்ல பழம் கிடைக்காது.

வாள் போல ஒடுங்கிய இலையுள்ள கன்றை எடுங்கள். அகன்ற இலையுள்ள கன்று பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், குலை சிறுத்துவிடும். கிழங்கின் மேல்தோலைச் சீவும்போது பழுப்பு நிறத் துளை தெரிந்தால் கூன்வண்டு. அந்தக் கன்றைத் தூக்கி எறியுங்கள். நல்லதைச் சாணியும் சாம்பலும் கலந்த குழம்பில் முக்கி மூன்று நான்கு நாள் காய வைத்து நடுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதியில் குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிடும். குலை வந்ததும் சவுக்குக் கம்போ மூங்கிலோ முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் கயிறும் கட்டுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது மாவட்டம் முழுக்க வாழை சரிந்தது. அப்படிப்பட்ட காற்றுக்கு எந்த முட்டும் தாங்காது. ஆனால் மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கு தப்பிவிடும். வாழையை மட்டுமே நம்பி விளை முழுக்க வைக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

காய்கறி

மூன்றடி அகலப் பாத்தி, நீளம் உங்கள் வசதி. நடுவில் மிதிக்காமல் இருபுறமிருந்தும் கை எட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியை முக்கால் அடி உயர்த்திவிடுங்கள். கீரை நாற்று ஒரே இரவில் சாய்வதற்குக் காரணம் பூச்சி அல்ல, தேங்கிய ஈரத்தில் வரும் பூஞ்சை. தண்டங்கீரையை அடைமழையில் விதைக்கவே வேண்டாம். மழை விட்ட பிறகு மார்கழியில் விதையுங்கள். வெண்டை, வழுதலை (கத்தரி), பயறு, புடலை எல்லாவற்றையும் ஆனி மழை தணிந்ததும் ஒருமுறை, தையில் ஒருமுறை போடலாம்.

பைகளில் வளர்ப்பதானால் மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவைப் புதிதாக அப்படியே போடாதீர்கள். மூன்று முறை நீரில் ஊற வைத்துப் பிழிந்து, காப்பி நிறத் தண்ணீர் வெளுத்த பிறகு பயன்படுத்துங்கள். அந்தக் கறை வேரைக் கருக்கும். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி ஒவ்வொன்றும் ஒன்று, வேலியோரம்.

கோழி

ஆறு மாதம் கழித்து, கீரையும் கிழங்கும் வரத் தொடங்கிய பிறகு வாங்குங்கள். ஐந்து பெட்டை. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டும் என்றால் மட்டும் ஒன்று. ஒரு நாள் குஞ்சு வாங்கி விளக்குச் சூட்டில் வளர்ப்பது புதியவர்களுக்கு வேண்டாம். தடுப்பூசி போட்ட எட்டுப் பத்து வாரக் கோழியே நல்லது. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும், அடைகாக்கும். கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனங்கள் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இடும், ஆனால் அடைகாக்காது. மூன்று கிராமப்பிரியா, இரண்டு நாடு என்ற கலவை வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

கூடு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் தரைக்கூடு வைத்தால் ஐப்பசிக்குள் சளி வந்துவிடும். அடித்தளம் மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் 2 சென்டிமீட்டர் இடைவெளி. எச்சம் கீழே விழும், கால் நோகாது. வெறும் கம்பி வலையில் நிற்க வைத்தால் பாதத்தில் கொப்புளம் வரும். பக்கங்களுக்கு அறுகோணக் கோழிவலை வாங்காதீர்கள். கீரியும் மரநாயும் அதைப் பிய்த்துவிடும், சாரைப்பாம்பு முட்டைக்கு நுழைந்துவிடும். அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டட் மெஷ் போடுங்கள். கூரை நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீள வேண்டும், சாரல் அப்படி அடிக்கும். கூரைக்குக் கீழே அரையடி காற்றுக்குத் திறந்திருக்கட்டும். உள்ளே இரண்டு அங்குல அகலத்தில் உட்காரும் கட்டை, ஓர் அடிக்கு ஓர் அடி முட்டைப் பெட்டி ஒன்று. கொண்டிக்கு மேல் ஒரு கம்பியும் சுற்றுங்கள்.

கோழி ஒன்றுக்கு நாளுக்கு 100 கிராம் தீனி. ஐந்துக்கு அரை கிலோ. சோறு, காய்த்தோல், மீன் கழிவு, கீரைத்தண்டு, துருவிப் பிழிந்த தேங்காய்ப்பூ இவற்றால் பாதி ஓடும். மீதிக்கு மக்காச்சோளக் குறுணையும் தவிடும், அல்லது முட்டைக்கோழித் தீவனம். உப்பு மீனின் கழிவு மட்டும் கூடாது. தோல்முட்டை வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு: சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி, காயவைத்து, இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும். முட்டை திடீரென்று நின்றால் நோய் என்று பயப்படுவதற்கு முன், சேனை மூட்டிலும் விறகுக் குவியலிலும் தேடிப் பாருங்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியை எழுப்ப வேண்டுமானால், அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக்கூட்டில் மூன்று நான்கு நாள் விட்டால் போதும், வயிற்றுச் சூடு தணிந்து எழுந்துவிடும்.

விளையில் திறந்து விடுவது மாலை கடைசி ஒன்றரை மணி நேரம் மட்டும். நாள் முழுக்க விட்டால் பாத்தி மிஞ்சாது, பக்கத்து வீட்டு உறவும் மிஞ்சாது.

கோழிக்கழிச்சல்தான் பெரிய எதிரி. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்த பிறகு மருந்தில்லை. குஞ்சுக்கு ஏழு நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. குப்பி ஒன்றில் பொதுவாக 100 கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். எனவே தெருவில் கோழி வளர்க்கும் எல்லோரும் சேர்ந்து, கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டு ஒன்றாகப் போடுங்கள். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை மூன்று வாரம் தனியே வைக்காமல் கூட்டில் சேர்க்காதீர்கள். மொத்தக் கூடும் காலியாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

தேனீ

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு 1920களில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் பரப்பியது. இன்றும் இந்தியத் தேனீக் குடும்பமும் பெட்டியும் அங்கே எளிதாகக் கிடைக்கும். ஒரு பெட்டி கையளவு இடம்தான் எடுக்கும். வாசல் கிழக்கே பார்க்க, முன்னால் பத்தடிக்கு ஆள் நடமாட்டம் இல்லாமல் வையுங்கள். தாங்கிக் கால்களை நீர் நிறைந்த சிரட்டையில் நிறுத்தாவிட்டால் எறும்பு குடும்பத்தையே விரட்டிவிடும். ரப்பர் புதுத்தளிர் விடும் தை, மாசி, பங்குனிதான் தேன் காலம்; தேன் ஊறுவது பூவில் அல்ல, இலைக்காம்பின் சுரப்பியில். அடைமழை மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்து, வாரம் ஒருமுறை மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். தேனீ மொய்க்காத காலி அடையை எடுத்துவிடுங்கள். மெழுகுப்பூச்சி அதில்தான் நுழையும்.

ஆடு

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ஆட்டுக்கு நாளுக்கு 4 கிலோ பசுந்தீவனம். ஆடு தனியே இருந்தால் ஓயாமல் கத்தும், தின்னாது. எனவே இரண்டு, அதாவது 8 கிலோ. முழு வெயிலும் தண்ணீரும் உள்ள ஒரு சென்டில் கம்பு நேப்பியர் புல், வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் நாளுக்கு 4 கிலோ தரும். தென்னை நிழலில் அதில் பாதி. கிழங்கு, காய்கறி, வாழை, கூடு எல்லாம் போக உங்களிடம் மிஞ்சியிருப்பது 350 சதுர அடி, அதுவும் அரைநிழல். நாளுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல்தான் தேறும். ஆக, ஐந்து சென்டை மட்டும் நம்பி இரண்டு ஆடு வளர்க்க முடியாது. பக்கத்தில் பிலா (பலா) மரம் உள்ள உறவினர் விளையோ, பத்து சென்டோ இருந்தால் ஆடு வாங்குங்கள். இல்லாவிட்டால் கோழியோடு நிறுத்துங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

வளர்ப்பவர்களுக்கு மலபாரி இனம் நம் ஈரக் காற்றுக்கு ஒத்துவரும். பரண் கொட்டில் 6 அடிக்கு 5 அடி, தரையிலிருந்து 4 அடி உயரம். கமுகுச் சட்டங்களுக்கு இடையே ஒன்றேகால் சென்டிமீட்டர் போதும். கூடினால் குட்டியின் கால் மாட்டி ஒடியும். வேலியில் சீமைக்கொன்றை (கிளைரிசிடியா), அகத்தி, சவுண்டல் (சூபாபுல்) வையுங்கள். சீமைக்கொன்றையை வாட வைத்துக் கொடுத்தால்தான் தின்னும். சவுண்டல் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி உதிரும். கிடா வேண்டாம், வாடையும் தீனியும் உங்களால் தாங்க முடியாது. பருவத்தில் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோங்கள். வாலை ஆட்டிக் கத்தினால் பருவம். தவறினால் மூன்று வாரத்தில் திரும்ப வரும். சினை 150 நாள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி, மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு மருந்து. காலையில் பரணுக்குக் கீழே பாருங்கள்: புழுக்கை உருண்டை உருண்டையாகத் தனித்தனியே கிடந்தால் ஆடு நன்றாக இருக்கிறது. ஒட்டிக் கட்டியாக விழுந்தால் அன்றே கவனியுங்கள்.

ஆட்டுப் புழுக்கையை ஒரு மாதம் ஆறவிட்டுப் போடலாம். கோழி எச்சம் சூடு அதிகம்; ஒரு பங்குக்கு மூன்று பங்கு சருகு கலந்து, மூன்றடிக் குழியில் ஈரம் காயாமல் இரண்டு மாதம் மக்க வைத்த பிறகே மூட்டுக்குப் போட வேண்டும். கூட்டுக்குக் கீழே வாரம் ஒருமுறை சருகும் சாம்பலும் தூவினால் ஈயும் வாடையும் அண்டாது.

மரச்சீனி பறிக்கும் அன்று ஆட்டைக் கட்டி வையுங்கள். பச்சை மரச்சீனி இலையும் கிழங்குத் தோலும், அதேபோல ரப்பர் இலையும், வயிற்றுக்குள் போனதும் சயனைடு வெளியாகும். வாடிய இலையும் ஆபத்துதான். தின்ற சில நிமிடத்தில் மூச்சு வாங்கி, நுரை தள்ளி, ஆடு விழுந்துவிடும். சரியான மாற்று ஊசி உடனே போட்டால் மட்டுமே பிழைக்கும். எனவே கால்நடை மருத்துவரின் கைப்பேசி எண் கொட்டில் கதவிலேயே எழுதியிருக்கட்டும். பறித்து முடிந்ததும் தழையை உடனே குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். அடுத்த நடவுக்கான கம்புகளை மட்டும் கட்டாகக் கட்டி, ஆடு எட்டாத நிழலில், நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.